திருநெல்வேலி ராத்திரியில் உறையுமா? வீட்டுக்குள் குளிர்ச்சியைச் சேர்த்து வைக்கும் உப்பும் மெழுகும்

மார்கழி, தை மாதங்களில் சில விடியற்காலைகளில் மட்டும் நம் பக்கத்து வீடுகளில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாகக் கட்டிக்கொள்ளும். பாட்டிலை வெயிலில் வைத்துவிட்டுக் காத்திருப்போம். வெயிலின் சூடு உள்ளே போய்க்கொண்டே இருக்கும், ஆனால் கட்டி முழுக்க இளகும்வரை எண்ணெயின் வெப்பநிலை 24, 25 டிகிரியைத் தாண்டி அதிகம் ஏறாது. உள்ளே போன சூடெல்லாம் கட்டியை இளக்குவதற்கே செலவாகிவிடும். பள்ளியில் 'உள்ளுறை வெப்பம்' என்று படித்தது இதைத்தான். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் இளகும்போது 100 கிலோஜூலுக்குக் கொஞ்சம் மேலே சூட்டை விழுங்குகிறது. அதே சூட்டைக் கொடுத்தால் ஒரு கிலோ தண்ணீர் 24 டிகிரி ஏறிவிடும்.

இந்தக் குணத்தை வீட்டுக்குள் பயன்படுத்தும் பொருள்களுக்குத்தான் நிலைமாற்றப் பொருள் என்று பெயர். சுருக்கமாக பிசிஎம் என்பார்கள். பகலில் அறை சூடேறும்போது அது உருகிச் சூட்டை வாங்கிக்கொள்ளும். ராத்திரிக் காற்றில் உறைந்து, வாங்கியதை வெளியே விட்டுவிடும். அறையின் வெப்பநிலை உருகுநிலைக்குப் பக்கத்திலேயே நிற்கும்.

ஆனால் அதே தேங்காய் எண்ணெய் மே மாதத்தில் என்ன செய்கிறது? பகலிலும் திரவம், ராத்திரியிலும் திரவம். உறையவே இல்லை என்றால் மறுநாள் உருகுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. நூறு கிலோ வாங்கிச் சுவரோரம் அடுக்கினாலும் அது நூறு கிலோ எண்ணெய், அவ்வளவுதான். இந்தப் பொருளைப் பற்றி நம் ஊரில் யோசிக்கிற எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பகலில் எவ்வளவு சூட்டை வாங்கும் என்பதல்ல. நம் ராத்திரியில் உறையுமா என்பதுதான்.

குளிர்நாடுகளுக்காக இந்தப் பொருளை அடைத்துச் செய்த பலகைகளும் ஜிப்சம் போர்டுகளும் பெரும்பாலும் 21 முதல் 26 டிகிரிக்குள் உருகுபவை. அங்கே அது சரி. பாளையங்கோட்டையில் சித்திரை, வைகாசி ராத்திரிகளில் விடியற்காலைக் குறைந்த வெப்பநிலையே 26, 27 டிகிரி இருக்கும். பொருள் உறைய வேண்டுமானால் காற்று அதன் உறைநிலையைவிட மூன்று டிகிரியாவது கீழே, பல மணி நேரம், இருந்தாக வேண்டும். அரை டிகிரி கீழே போனால் போதும் என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். ஆக நமக்கு வேண்டியது 29, 30 டிகிரியில் உருகி உறையும் பொருள்.

முப்பது டிகிரி அறை என்றதும் சிலருக்கு மனசு ஒப்பாது. இந்தியாவுக்கென்று வகுத்த வெப்ப வசதிக் கணக்கு ஒன்று இருக்கிறது. ஏசி இல்லாத, ஜன்னல் திறந்த கட்டடங்களுக்கு அது சொல்வது: கடந்த முப்பது நாள் வெளி வெப்பநிலையின் சராசரியை 0.54ஆல் பெருக்கி 12.83ஐக் கூட்டுங்கள், அதுதான் உடம்புக்கு இசைவான வெப்பநிலை. அதற்கு மேலும் கீழும் 2.38 டிகிரி தாங்கும். வெளிச் சராசரி 32 என்று வைத்தால் இசைவான நிலை 30.1, மேல் எல்லை 32.5. மேலே மின்விசிறி ஓடுகிற அறையில் 30 டிகிரி என்பது கோடையில் நல்ல அறை. அதே அறை இப்போது மாலை ஆறு மணிக்கு 35இல் நிற்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

உங்கள் வீட்டுக்கு எந்த உருகுநிலை என்பதை அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். மே மாதத்தில் பத்து நாள், பலகை வைக்கப்போகும் அதே ஜன்னலோரத்தில் வெப்பநிலையைப் பதிவு செய்யுங்கள். டிஎஸ்18பி20 என்ற சிறிய சென்சார் போதும். அதன் பிழை அரை டிகிரி என்பதால் இரண்டு சென்சார்களை ஒன்றாக வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி பத்து மணி முதல் காலை ஆறு மணி வரையிலான சராசரியை எடுத்து மூன்றைக் கூட்டினால் உங்கள் எண் வந்துவிடும். தாமிரபரணிக் கரையோரம், வயல் சூழ்ந்த வீட்டில் வரும் எண்ணும், கான்கிரீட் நெருக்கமாக நிற்கும் தெருவில் வரும் எண்ணும் ஒன்றாக இருக்காது. தகர ஷீட் போட்ட மாடி அறை பகலில் 40ஐத் தொடும் என்றால் அங்கே 32 டிகிரிப் பொருளைக்கூட யோசிக்கலாம். உறைவது சுலபம், வேலைக்கும் குறைவிருக்காது.

உப்பா, மெழுகா

மெழுகு வகையில் நமக்குப் பொருந்துவது ஆக்டாடெக்கேன். 28 டிகிரியில் உருகும், கிலோவுக்கு 240 கிலோஜூல் அளவில் வாங்கும். ஆயிரம் தடவை உருகி உறைந்தாலும் குணம் மாறாது. குறைகள் மூன்று. தீப்பிடிக்கும். சூட்டைக் கடத்துவதில் மந்தம். சாதாரண பாலிதீன் பைக்குள் வைத்தால் மெல்ல மெல்ல ஊடுருவி வெளியே வந்துவிடும், அதனால் அலுமினியம் ஒட்டிய பல அடுக்குப் பை வேண்டும். தூய்மை குறைந்த சரக்கு ஒரே புள்ளியில் உருகாமல் ஐந்தாறு டிகிரிக்கு இழுத்துக்கொண்டு போகும். நமக்குக் கிடைக்கும் மூன்று டிகிரி இடைவெளியில் அது தாங்காது. கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீஸ்களில் குச்சி முக்குகிற மெழுகைப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது 50 டிகிரிக்கு மேலே உருகுவது. அறை அந்தச் சூட்டுக்குப் போகவே கூடாது.

உப்பு வகையில் கால்சியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட், அதாவது படிகத்துக்குள் நீரையும் சேர்த்து வைத்திருக்கும் கால்சியம் குளோரைடு. உருகுநிலை 29.5 அளவில், நம் ராத்திரிக்கென்றே அளந்து வைத்ததுபோல. கிலோவுக்கு 170 முதல் 190 கிலோஜூல். தீப்பிடிக்காது. மெழுகைவிடக் கனமானது என்பதால் அதே இடத்தில் அதிகம் அடங்கும். விலையும் குறைவு. என் தேர்வு இதுதான். ஆனால் இதற்கு மூன்று கெட்ட பழக்கங்கள் இருக்கின்றன. அவற்றை அடக்காமல் இறங்கினால் காசு வீண்.

முதலாவது, உறைநிலைக்குக் கீழே போனாலும் உறையாமல் திரவமாகவே நிற்பது. சுத்தமான கரைசல் 20 டிகிரி வரைகூட அப்படியே கிடக்கும். நம் ராத்திரி அவ்வளவு கீழே இறங்குவதே இல்லை. முதல் படிகம் உண்டாக ஒரு விதை வேண்டும். ஸ்ட்ரான்சியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் ஒன்று முதல் இரண்டு சதவீதம் சேர்த்தால் அந்த வேலையைச் செய்யும். இந்த விதை 61 டிகிரியில் தன் படிக நீரை இழக்கத் தொடங்கும். ஆகவே நிரப்பிய பலகைகளை வெயில் காயும் தட்டட்டியில் போட்டு வைக்காதீர்கள்.

இரண்டாவது, பிரிந்து போவது. உருகும்போது நீர் குறைவான இன்னொரு உப்பு, டெட்ராஹைட்ரேட், படிகமாகி அடியில் படிந்துவிடும். மறுபடி உறையும்போது அது மேலே உள்ள நீரோடு சேராது. மாதக்கணக்கில் ஓடிய பிறகு பாதிப் பொருள் வேலை செய்யாமல் போவது இதனால்தான். 1948இல் அமெரிக்காவின் டோவர் என்ற ஊரில் மரியா டெல்க்ஸ் என்ற விஞ்ஞானி வெயிலைச் சேமித்து வீட்டைச் சூடாக்க கிளாபர் உப்பை (நீர் சேர்ந்த சோடியம் சல்பேட்) டிரம் டிரம்மாக வைத்தார். அந்த உப்பு 32.4 டிகிரியில் உருகுவது. சில குளிர்காலங்கள் ஓடிய பிறகு அந்த வீட்டிலும் உப்பு பிரிந்து அடுக்கடுக்காகப் படிந்தது, டிரம்களும் அரித்துப் போயின. பாத்திரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு மோசமாகப் பிரியும். நாம் மெல்லிய பலகையாக வைப்பதற்கு இது ஒரு காரணம். கெட்டிப்படுத்தும் பொருள் சேர்ப்பதும் உண்டு.

மூன்றாவது, குளோரைடு உலோகத்தைத் தின்னும். அலுமினியப் பை, தகர டப்பா இரண்டும் ஆகாது. எச்டிபிஇ பிளாஸ்டிக் மட்டும். எக்காரணம் கொண்டும் இந்த உப்பை கான்கிரீட் தளத்துக்கு உள்ளேயோ அதன் மேலேயோ நேரடியாகப் போடாதீர்கள். கசிந்த குளோரைடு சிமென்ட்டுக்குள் இறங்கி உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். கம்பி துருப்பிடித்து ஊதினால் தளம் பெயர்ந்து விழும். அறையைக் குளிர்விக்கப் போய்க் கூரையை இழக்க வேண்டாம்.

கலக்கும் விகிதம் எளிது. ஹெக்ஸாஹைட்ரேட்டில் நீரற்ற கால்சியம் குளோரைடு 50.7 சதவீதம், மீதி நீர். கடையில் கிடைக்கும் செதில் உப்பின் மூட்டையில் 77 சதவீதம் என்று போட்டிருந்தால், 100 கிலோவுக்கு 66 கிலோ செதில், 34 லிட்டர் தண்ணீர், அதோடு ஒரு கிலோ ஸ்ட்ரான்சியம் குளோரைடு. மூட்டையில் வேறு எண் இருந்தால் 50.7ஐ அந்தச் சதவீதத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், உப்பு நீக்கிய தண்ணீராக இருக்கட்டும். தண்ணீருக்குள்தான் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், உப்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கரையும்போது நன்றாகச் சூடேறும். கையுறை, கண்ணாடி கட்டாயம். கலவை 40 டிகிரிக்கு இறங்கியதும் விதையைப் போட்டுக் கலக்கிப் பலகையில் ஊற்றி, ஐந்து சதவீதம் இடம் விட்டு, மூடியைக் காற்றுப் புகாமல் அடைத்துவிடுங்கள். மூடி தளர்ந்திருந்தால் இந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நீர் கூடக் கூட உருகுநிலை இறங்கும். ஐப்பசி மழைக்காலம் முடிவதற்குள் சரக்கு கெட்டுவிடும்.

எல்லாவற்றையும் ஊற்றுவதற்கு முன்னால் ஒரு சோதனைக் குழாயில் கலவை, இன்னொன்றில் தண்ணீர், இரண்டிலும் சென்சார். இரண்டையும் 45 டிகிரிக்குச் சூடேற்றி, 22 டிகிரி ஏசி அறையில் அருகருகே ஆறவிடுங்கள். தண்ணீர் நேராக இறங்கும். கலவை 29 டிகிரிக்குப் பக்கத்தில் நெடுநேரம் படுத்துக் கிடந்துவிட்டு இறங்க வேண்டும். 25க்குப் போய்த் திடீரென்று மேலே துள்ளினால் விதை போதவில்லை. படுக்காமலே இறங்கினால் நீர் அதிகம், அல்லது விதை வேலையே செய்யவில்லை.

எங்கே வைப்பது

பலர் செய்யும் பெரிய தவறு, கூரைக்கு அடியில் ஒட்டவைப்பது. நம் ஊர்க் கான்கிரீட் தளத்தின் அடிப்பக்கம் ராத்திரி பத்து மணிக்கும் அனல் வீசிக்கொண்டிருக்கும். அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் பொருள் எப்படி உறையும்? சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் பசுபதியும் வேல்ராஜும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் கூரைக்குள் ஒரே அடுக்கு எல்லா மாதத்துக்கும் பொருந்தாது என்பதால் இரண்டு அடுக்காக வைக்கும் வழியைப் பார்த்தார்கள். ஏற்கெனவே கட்டிய வீட்டுக்கு அது நடக்காது என்பது என் எண்ணம்.

முதலில் கூரையைச் சரி செய்யுங்கள். 12க்கு 12 அடி அறையின் கூரை 13.4 சதுர மீட்டர். கறுத்துப்போன தட்டட்டி என்றால் பிற்பகலில் சதுர மீட்டருக்கு 60 வாட் இறங்குவதாக வைத்தாலும் 800 வாட், ஒரு சின்ன ஹீட்டர் தலைக்கு மேலே எரிவதுபோல. வெள்ளை அடித்து, 5 செ.மீ. எக்ஸ்பிஎஸ் பலகையை (சூட்டைத் தடுக்கும் நுரைப் பலகை) தளத்துக்கு மேலே போட்டு, அதன்மேல் தட்டு ஓடு பதித்தால் அது 160 வாட் பக்கம் வந்துவிடும். வீடுகளுக்கான ஆற்றல் சிக்கன விதியான இகோ நிவாஸ் சம்ஹிதா 2018, கூரை கடத்தும் சூட்டுக்கு வைத்த எல்லை ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட், இப்படிச் செய்தால் அதில் பாதிக்கும் கீழே. இதைச் செய்யாமல் உப்பு வாங்குவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். பழைய காலத்துத் தடித்த சுவர் வீடு என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒன்றேகால் அடிச் செங்கல் சுவரே பகல் சூட்டை நிறைய வாங்கி வைக்கும். பிசிஎம் தேவைப்படுவது ஏஏசி பிளாக், ஹாலோ பிளாக், ஷீட் என்று எடை குறைந்த கட்டுமானங்களுக்கு.

பொருளைக் கூரையில் தொங்கவிடாமல் ஜன்னலோரம் ஒரு பெட்டியாக வைப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. 60க்கு 45 செ.மீ., உள்ளே 10 மி.மீ. தடிமனான எச்டிபிஇ பலகை ஒன்று நாலு கிலோ பிடிக்கும். 25 பலகைகளை 12 மி.மீ. இடைவெளி விட்டு நிறுத்தினால் 63 செ.மீ. அகலத்துக்குள் அடங்கிவிடும். ஒரு சிறிய பீரோவின் பாதி. மொத்தம் 120 கிலோ வரும், ஆகவே மாடி அறையில் சுவரை ஒட்டி, அடியில் பீம் இருக்கிற இடத்தில் வையுங்கள். ராத்திரி வெளிக்காற்று பெட்டி வழியாகப் போய் மீண்டும் வெளியே போக வேண்டும். பகலில் ஜன்னலை மூடி, அறைக் காற்றே பெட்டிக்குள் சுற்ற வேண்டும். ஒரு மரக் கதவைத் திருப்பி இதைச் செய்யலாம்.

இப்போது நேர்மையான கணக்கு. 100 கிலோ முழுக்க உறைந்தால் 18,000 கிலோஜூல், அதாவது 5 யூனிட் வெப்பம். ராத்திரிக் காற்று சராசரியாக 27 டிகிரி, மணிக்கு 940 கன மீட்டர் ஓடுகிறது, பலகைகளின் இருபுறமும் சேர்ந்து 13.5 சதுர மீட்டர். எட்டு மணி நேரத்தில் வெளியே போவது 2 யூனிட்தான். அதாவது மே ராத்திரியில் ஐந்தில் இரண்டு பங்குதான் உறையும். அதே 100 கிலோவை 25 மி.மீ. தடிமனான பத்துப் பலகையாக வைத்தால் முகப்பரப்பு குறைந்து 0.9 யூனிட்டுக்கு இறங்கிவிடும். தடித்த பலகை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குபவர்கள் இழப்பது இங்கேதான்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 12 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் 50 வாட் என்றால் எட்டு மணி நேரத்துக்கு 0.4 யூனிட் மின்சாரம். 2 யூனிட் வெப்பத்தை ஒரு நல்ல ஏசி 0.6 யூனிட்டிலேயே எடுத்துவிடும். மிச்சம் சொற்பம். இதை மறைத்துவிட்டுப் பெட்டியை விற்பது நியாயமில்லை.

இதைத் தாண்ட இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, பெட்டிக்கு முன்னால் ஏர்கூலரின் நனைந்த பேடை வைப்பது. மே ராத்திரியில் 27 டிகிரிக் காற்று அந்த வழியாக 25க்கு வந்துவிடும். ஒரே பெட்டி 2க்குப் பதில் 3.6 யூனிட்டை வெளியே தள்ளும். ஈரக்காற்று அறைக்குள் வருவதில்லை, பெட்டியைக் கடந்து வெளியே போய்விடுகிறது, அதனால் புழுக்கம் இல்லை. போர் தண்ணீர் என்றால் பேடில் உப்புப் படியும். வாரம் ஒருமுறை தொட்டித் தண்ணீரை மாற்றுங்கள்.

இரண்டாவது வழி மின்சாரமே கேட்காதது. ஆனி முதல் ஆவணி வரை செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் புகுந்து வரும் மேல்காற்று கயத்தாறு முதல் முப்பந்தல் வரை காற்றாலைகளைச் சுற்ற வைக்கிறது. நமக்கோ மலை மறைப்பதால் மழை கிடையாது, பகல் சூடும் குறைவதில்லை. பணகுடி, வள்ளியூர், இராதாபுரம் பக்கத்து வீடுகளில் பெட்டியின் வாயை மேற்கு ஜன்னலுக்கும், வெளியேறும் வழியைக் கிழக்குக்கும் வைத்தால் ஃபேன் இல்லாமலே காற்று ஓடும். அந்தக் காற்றில் தூசி அதிகம். கொசுவலையும் ஒரு துணி வடிகட்டியும் போட்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை தட்டுங்கள். 12 மி.மீ. சந்தில் தூசி அடைத்தால் காற்று பாதியாகிவிடும்.

கூரையில் சோலார் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கே வேறு. அவர்கள் நண்பகலில் மிஞ்சுகிற மின்சாரத்தில் ஏசியை ஓட்டி, 24, 25 டிகிரியில் உருகும் பொருளை உறைய வைத்து, சாயங்காலத்துக்கு மேல் பயன்படுத்தலாம். தேங்காய் எண்ணெயின் வெப்பநிலை அங்கேதான் பொருந்துகிறது.

பெட்டி வைத்த முதல் மே மாதம், காலை ஆறு மணிக்கு நடுவிலிருந்து ஒரு பலகையை உருவிக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே தளும்புகிற அளவுதான் அன்று உறையாமல் போனது. காற்று நுழைகிற பக்கம் கட்டியாகவும் வெளியேறுகிற பக்கம் தண்ணீராகவும் இருந்தால் காற்று போதவில்லை. எல்லாப் பக்கமும் தண்ணீர் என்றால் ராத்திரியின் சூடோ விதையோ காரணம். சென்சார் பதிவைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். நிரப்பிய அன்றே ஒவ்வொரு பலகையின் எடையையும் அதன்மேல் எழுதி வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை நிறுத்துப் பார்த்து, 20 கிராமுக்கு மேல் கூடியிருந்தால் ஈரம் புகுந்திருக்கிறது, குறைந்திருந்தால் கசிகிறது. அந்தப் பலகையை மட்டும் எடுத்து மாற்றிவிடுங்கள்.